ஜீவன் பிரமான் முக அடையாளச் செயலி: எழுபது வயதுக்காரர் தானே செய்யலாமா?

செல்பேசியில் முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்றிதழ் கொடுப்பது என்றதும் ஓய்வூதியர்கள் பலர் பயப்படுவது கேமராவைப் பார்த்துத்தான். கேமரா வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆளைத் திணறடிப்பது அதற்கு முன்னால் வரும் படிவம். அதைவிட மோசம், எல்லாம் முடிந்தபின் வரும் அமைதி. சான்றிதழ் உருவானதாகத் திரை சொல்லும், ஆனால் அதை வங்கி ஏற்றுக்கொண்டதா என்பது அங்கே தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான். வாட்ஸ்அப்பில் பேரக் குழந்தையின் படத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் இதையும் செய்துவிடலாம், போனையும் காகிதங்களையும் முன்கூட்டியே சரிசெய்து வைத்திருந்தால்.

நவம்பர் மாதம் வங்கி வாசலில் நின்று, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, உயிரோடு இருப்பதை நிரூபித்த காலத்துக்கு மாற்றாக 2014 நவம்பர் 10 அன்று ஜீவன் பிரமான் என்ற மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் முறை தொடங்கப்பட்டது. அப்போது கைரேகைக் கருவி வேண்டும். வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும், தோல் வறண்டிருக்கும், கருவி திரும்பத் திரும்ப மறுக்கும். 2021 நவம்பரில் முகத்தை வைத்துச் சரிபார்க்கும் முறை வந்த பிறகுதான் தனிக் கருவி எதுவும் வாங்காமல், சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே வீட்டிலிருந்து முடிக்க வழி பிறந்தது. மத்திய அரசு, ரயில்வே, ராணுவம், இபிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) ஓய்வூதியர்கள் எல்லோருக்கும் இது செல்லும். தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்களுக்குக் கருவூலத் துறை நடத்தும் நேர்காணலுக்குக் காலக்கெடு வேறு என்பதால், எந்த மாதம் என்பதை மட்டும் உங்கள் கருவூலத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போனைத் தயார் செய்வதிலிருந்து ஆரம்பிக்கலாம். பாதி தோல்வி இங்கேயே நடந்துவிடுகிறது.

தேவை இரண்டு செயலிகள். ஒன்று ஜீவன் பிரமான் செயலி. இன்னொன்று ஆதார் ஆணையம் வெளியிடும் ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’. இரண்டாவதை நிறுவியபின் போன் திரையில் எங்கு தேடினாலும் அதற்கு ஐகான் கிடைக்காது. அது பின்னால் இருந்து வேலை செய்வது, நாம் திறக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் “இறங்கவே இல்லை” என்று நாலு தடவை நிறுவிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். பிளே ஸ்டோரில் அதன் பக்கத்தில் ‘அன்இன்ஸ்டால்’ என்று காட்டினால் போனில் ஏறிவிட்டது என்று பொருள். இரண்டையும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது ஏபிகே கோப்பாக அனுப்பினால் தொடாதீர்கள்.

நிறுவும்போது இடம் இல்லை என்று போன் சொன்னால் காரணம் பெரும்பாலும் குட்மார்னிங் படங்களும் வீடியோக்களும்தான். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போனால் எந்தக் குழுவிலிருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பட்டியலே வரும். பெரிய வீடியோக்களை நீக்கினாலே போதும். முன்கேமரா குறைந்தது 5 மெகாபிக்சல் இருக்க வேண்டும். மகன் பழசாகிப்போனதென்று கொடுத்த போனில் ஆண்ட்ராய்டும் மிகப் பழையதாக இருந்தால் ஃபேஸ் ஆர்டி நிறுவ முடியாமல் போகலாம். அப்படியானால் மல்லுக்கட்டாமல் வீட்டில் இன்னொருவர் போனை வாங்கிக்கொள்ளலாம். ஒரே போனில் பல ஓய்வூதியர்கள் சான்றிதழ் எடுக்க முடியும்.

இன்னொரு அமைப்பு சின்னதாகத் தெரியும், ஆனால் வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. புது போன்களில் திரையின் அடியில் பொத்தான்கள் இருக்காது, விரலால் தள்ளித்தான் பின்னால் போக வேண்டும். நடுங்கும் கைக்கு அது ஒத்துவராது. பழைய மூன்று பொத்தான்களைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். சாம்சங்கில் டிஸ்ப்ளே பகுதியில் நேவிகேஷன் பார் என்று இருக்கும். மற்ற போன்களில் செட்டிங்ஸ் மேலே உள்ள தேடலில் ‘நேவிகேஷன்’ என்று தட்டினால் வரும். விரலை வைத்ததும் போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு வேறெதையோ திறக்கிறதா? ஆக்சஸிபிலிட்டியில் ‘டச் அண்ட் ஹோல்ட் டிலே’ என்பதை ‘லாங்’ ஆக்கினால் அந்தத் தொல்லை குறையும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஆனால் கடைசி அளவுக்கு வேண்டாம். எழுத்து மிகப் பெரிதானால் ‘சப்மிட்’ பொத்தான் கீபோர்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அப்படி ஆனால் பின்செல்லும் பொத்தானை ஒருமுறை மட்டும் தட்டுங்கள், கீபோர்டு மூடிக்கொள்ளும். இரண்டு முறை தட்டினால் பக்கமே போய்விடும்.

காகிதங்களை மேசைமேல் எடுத்து வையுங்கள்: ஆதார் அட்டை, பிபிஓ (ஓய்வூதிய ஆணை) புத்தகம், ஓய்வூதியம் வரும் கணக்கின் பாஸ்புக். பிபிஓ எண்ணை நினைவிலிருந்து போட வேண்டாம். மத்திய அரசு சிவில் ஓய்வூதியருக்கு அது 12 இலக்கம், இபிஎஃப் ஓய்வூதியருக்கு வேறு மாதிரி இருக்கும். ஒரு இலக்கம் மாறினாலும் செயலி தடுக்காமல் விட்டுவிடலாம். பின்னால் தள்ளுபடி ஆகும்போதுதான் தெரியும்.

மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் “எனக்கு ஈமெயில் எல்லாம் கிடையாது” என்று நிறுத்திவிடுவார்கள். பிளே ஸ்டோரிலிருந்து செயலி எடுக்க முடிகிறதென்றால் அந்த போனில் ஜிமெயில் கணக்கு ஏற்கனவே இருக்கிறது. போன் வாங்கிய அன்று கடைக்காரரோ மகளோ போட்டது. பிளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டால் முகவரி தெரியும். அதை ஒரு தாளில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதி பிபிஓ புத்தகத்திலேயே ஒட்டிவைத்துவிடலாம். தட்டும்போது கீபோர்டு தமிழில் இருந்தால் உலக உருண்டைப் பொத்தானைத் தொட்டு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள்.

இனி செயலி. திறந்ததும் முதல் திரையிலேயே ‘ஆபரேட்டர் ஆதென்டிகேஷன்’ என்று கேட்கிறது. வடிவமைப்பில் மிகப் பெரிய குறை இதுதான் என்பது நம் கருத்து. “நான் ஆபரேட்டர் இல்லையே, பென்ஷன்காரன்தானே” என்று யாரும் குழம்பத்தான் செய்வார்கள். சேவை மையத்தில் உட்கார்ந்து நூறு பேருக்குச் செய்பவரை மனதில் வைத்துப் போட்ட ஏற்பாடு அது. வீட்டில் செய்யும்போது ஓய்வூதியரே ஆபரேட்டராகலாம், மகனோ மருமகளோ ஆகலாம். யாராக இருந்தாலும் ஆதார் எண், செல்பேசி எண், மின்னஞ்சல் தந்து, வரும் ஓடிபியைப் போட்டு, முகத்தைக் காட்ட வேண்டும். அந்த போனுக்கு இது ஒருமுறைதான். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினாலோ போன் மாற்றினாலோ மறுபடி செய்ய வேண்டும்.

ஓய்வூதியரே ஆபரேட்டராகவும் இருந்தால் முதல் நாளில் முகத்தை இரண்டு தடவை காட்ட வேண்டிவரும், முதலில் ஆபரேட்டராக, அடுத்து ஓய்வூதியராக. இரண்டாம் தடவை கேட்டதும் முதல் தடவை தோற்றுவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம், அது அடுத்த கட்டம்.

ஓடிபி வரும்போது இன்னொரு வழுக்கல். எஸ்எம்எஸ் பார்க்கப் போனவர் திரும்பும்போது முகப்புத் திரைக்குப் போய் செயலியை ஐகானிலிருந்து புதிதாகத் திறப்பார். சில போன்களில் அது முதலிலிருந்து தொடங்கிவிடும், பழைய ஓடிபி செல்லாது. எஸ்எம்எஸ்ஸைத் திறக்கவே வேண்டாம். திரையின் மேல்முனையிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் அறிவிப்பிலேயே எண் தெரியும். பார்த்து, வாய்விட்டு ஒருமுறை சொல்லி, மேலே தள்ளிவிட்டுப் போட்டுவிடலாம். எஸ்எம்எஸ்ஸுக்குள் போய்விட்டாலும் கவலையில்லை, மூன்று பொத்தான்களில் சதுரமாகவோ மூன்று கோடாகவோ இருப்பதைத் தொட்டால் செயலி விட்ட இடத்திலேயே இருக்கும்.

அடுத்து படிவம். பெயர் ஆதாரில் இருப்பதுபோலவே. இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால். பிறகு ஓய்வூதிய வகை: சொந்தச் சேவைக்கு வருவதா, குடும்ப ஓய்வூதியமா. கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியமும், தான் வேலை பார்த்ததற்குச் சொந்த ஓய்வூதியமும் வாங்கும் அம்மாக்கள் இரண்டு சான்றிதழ் எடுக்க வேண்டும். பிபிஓ எண் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால் மற்றது நின்றுபோகும்.

ஓய்வூதியத்தை அனுமதித்த அதிகாரி யார், வழங்குவது யார் என்ற இரண்டு பட்டியல்தான் படிவத்தின் கண்டம். பட்டியல் நீளம், எழுத்து சின்னது, பெயர்கள் ஒன்றுபோல ஒன்று இருக்கும். இங்கே அவசரப்பட்டால் சான்றிதழ் ஊர் மாறிப்போன கடிதம்போல வேறெங்கோ போய்ச் சேரும். பாஸ்புக்கில் அலகாபாத் வங்கி, சிண்டிகேட் வங்கி, ஆந்திரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி என்று பழைய பெயர் இருக்கிறதா? அவை 2020 ஏப்ரல் 1 அன்று இணைக்கப்பட்டுவிட்டன. அலகாபாத் இப்போது இந்தியன் வங்கி, சிண்டிகேட் கனரா வங்கி, ஆந்திராவும் கார்ப்பரேஷனும் யூனியன் வங்கி. புதுப் பெயரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முன்னாள் படைவீரர்களுக்கு இன்னொரு கண்ணி. ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்ற பாதுகாப்புத் துறையின் இணையவழி ஓய்வூதிய முறைக்கு மாற்றப்பட்டிருந்தால் வழங்குபவர் என்ற இடத்தில் வங்கியைப் போடக்கூடாது. பணம் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது, அதனால் வங்கியைப் போடுவதுதான் சரி என்று தோன்றும். ஆனால் சான்றிதழ் போக வேண்டிய இடம் அலகாபாத் பிசிடிஏ, அதாவது ராணுவ ஓய்வூதியங்களைக் கவனிக்கும் பாதுகாப்புக் கணக்குத் துறை அலுவலகம். பட்டியலில் ‘ஸ்பர்ஷ்’ என்று தொடங்கும் பெயரைத் தேடி எடுங்கள். அனுமதித்த அதிகாரி தரைப்படைக்கு அலகாபாத் பிசிடிஏ, கடற்படைக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள கணக்கு அலுவலகம்.

மறுமணம் செய்தீர்களா, மறுபடி வேலைக்குச் சேர்ந்தீர்களா என்ற கேள்விகளைப் பார்க்காமல் தட்டிவிட வேண்டாம். இரண்டில் எதற்காவது ஆம் என்றால் இந்த மின்னணுச் சான்றிதழ் உங்களுக்குப் பொருந்தாது, பழையபடி காகிதத்தில்தான் கொடுக்க வேண்டும். கைதவறி ‘யெஸ்’ தட்டியவர்களுக்கும் அதே கதிதான்.

இனி முகம். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப்போகும். மங்கி குல்லா, மஃப்ளர், மாஸ்க் எல்லாம் கழற்ற வேண்டும். போன் கண் மட்டத்தில் இருக்கட்டும். மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தாடைதான் தெரியும். கை நடுங்குபவர்கள் முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொள்ளலாம், அல்லது போனை நாலைந்து புத்தகத்தின்மேல் சாய்த்து நிறுத்திவிடலாம்.

மூக்குக்கண்ணாடியில் டியூப்லைட் பளிச்சிட்டால் கண் தெரியாது, அதனால் கழற்றச் சொல்வார்கள். கழற்றினால் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது! ஆகவே வரிசையை முன்னாடியே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் எச்சரிக்கைப் பக்கம், டிக் போட்டு ‘ப்ரொசீட்’. அடுத்து வட்டம் வரும். முகம் வட்டத்துக்குள் சரியாக வந்ததும் பச்சையாகும். அப்போது தலையை ஆட்டாமல் கண்ணை மெதுவாக, முழுதாக மூடித் திறக்க வேண்டும். சட்டென்று சிமிட்டினால் பல நேரம் பதியாது. கண்புரை அறுவை செய்து கறுப்புக் கண்ணாடியோ கட்டோ இருந்தால் அது எடுக்கும்வரை பொறுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் முகம் பொருந்தவில்லை என்று வந்தால் இரண்டு காரணம் பாருங்கள். எப்போதோ பாதுகாப்புக்காக ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்திருந்தால் முகமும் சேர்ந்தே பூட்டப்பட்டிருக்கும். 330 என்ற பிழை எண் வந்தால் அதுதான். ஆதார் ஆணையத்தின் செயலியில் தற்காலிகமாகத் திறந்துவிட்டுச் செய்யலாம். இல்லையென்றால் ஆதார் படம் பழசு. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மங்கலாக எடுத்த படத்தோடு இன்றைய முகம் ஒத்துப்போகாமல் இருக்கலாம். படத்தைப் புதுப்பிக்க ஆதார் மையத்துக்கு நேரில்தான் போக வேண்டும், ஆன்லைனில் ஆகாது. அதனால் இதை அக்டோபரிலேயே சோதித்துவிடுவது நல்லது.

வெற்றி என்று வந்ததும் பிரமாண் ஐடி ஒன்று திரையில் வரும், எஸ்எம்எஸ்ஸிலும் வரும். அதை நோட்டில் எழுதுங்கள். ஆனால் அந்த எண் கிடைத்ததற்கு அர்த்தம் சான்றிதழ் கிளம்பிவிட்டது என்பது மட்டுமே. ஓய்வூதியம் வழங்கும் வங்கியோ அலுவலகமோ அதை ஏற்க வேண்டும். விவரம் தவறாக இருந்தால் அங்கே தள்ளுபடி செய்வார்கள். இதைச் செயலி முகத்தில் அடித்தாற்போல் சொல்லாதது இரண்டாவது பெரிய குறை. ஜீவன் பிரமான் இணையதளத்தில் பிரமாண் ஐடியும் ஓடிபியும் போட்டுச் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்தும் ஏற்றதாகத் தகவல் வரவில்லையென்றால் வங்கிக் கிளையில் விசாரித்துவிடுங்கள். போட்ட படிவத்தைத் திருத்த முடியாது, தவறு இருந்தால் முதலிலிருந்து புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். போன வருட ஐடி இந்த வருடத்துக்குச் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மத்திய அரசு ஓய்வூதியருக்குக் காலம் நவம்பர் 1 முதல் 30 வரை, 80 வயது கடந்தவர்களுக்கு அக்டோபர் 1 முதலே. இபிஎஃப் ஓய்வூதியர் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நவம்பர் 30 மாலை வரை இழுத்தடித்தால், தள்ளுபடியாகும் பட்சத்தில் மறுபடி செய்ய நாள் இருக்காது. ஓய்வூதியம் நின்றுபோனாலும் சான்றிதழ் கொடுத்தபின் நிலுவையோடு வந்துவிடும், ஆனால் மருந்துச் செலவு அதுவரை காத்திருக்காதே.

கற்றுக்கொடுக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “தாத்தா, இங்க குடுங்க, நானே பண்ணிடறேன்” என்று போனைப் பிடுங்கினால் வேலை மூன்று நிமிடத்தில் முடியும், அடுத்த நவம்பரிலும் நீங்களேதான் வர வேண்டும். போன் அவர் கையிலேயே இருக்கட்டும், உங்கள் விரல் திரையில் படவே வேண்டாம். ஆபரேட்டர் கட்டத்தை மட்டும் நீங்கள் முடித்து வைத்துவிட்டு, மற்றதை அவரையே செய்யவிடுவது நல்ல பங்கீடு. எந்தத் திரைக்குப் பின் எது வரும் என்று தமிழில் வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். யூடியூப் வீடியோவைவிட அது உதவும், ஏனென்றால் ஒரே போனில் வீடியோவையும் பார்த்துக்கொண்டு செயலியையும் ஓட்டுவது கஷ்டம்.

ஜெராக்ஸ் கடையிலோ சேவை மையத்திலோ எடுத்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: செல்பேசி எண் என்ற இடத்தில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட்டால் பிரமாண் ஐடியும் பின்னால் வரும் தகவலும் அவருக்குத்தான் போகும். அதேபோல், “லைஃப் சர்டிபிகேட் முடியப் போகுது, இப்பவே போனிலேயே புதுப்பிச்சுத் தர்றோம்” என்று யாராவது அழைத்து பிபிஓ எண்ணோ ஓடிபியோ கேட்டால் வைத்துவிடுங்கள். ஓய்வூதிய அலுவலகம் அப்படி அழைக்காது. ஏமாந்துபோய்ப் பணம் போயிருந்தால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும்.

ஸ்டேட் வங்கியில் ஓய்வூதியம் வாங்குபவர்களுக்குப் படிவத் தொல்லை பிடிக்காவிட்டால் வீடியோ அழைப்பு முறை இருக்கிறது. அசல் பான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி அலுவலரோடு பேசினால் முடியும். படுக்கையில் இருப்பவர், பக்கவாதத்தால் கண்ணை மூடித் திறக்க முடியாதவர், போனே வேண்டாம் என்பவர் ஆகியோரை இந்தச் செயலியோடு போராட வைக்க வேண்டாம். அஞ்சலகத்தில் சொல்லிவைத்தால் தபால்காரர் கருவியோடு வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுப்பார், பொதுவாக ஒரு சான்றிதழுக்கு 70 ரூபாய். அவர் வரும்போதும் பிபிஓ புத்தகமும் பாஸ்புக்கும் ஆதாரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வழங்குபவர் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று வீட்டில் ஒருவர் கூட நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.